உரசலா, கடியா?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு அந்த வயதில்லை. தோட்டக்கலை படித்து முடித்த கையோடு இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். இந்த மாதக் கடைசியில் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறேன். "போறதுக்கு முன்னால புதுப் பிள்ளைகளுக்கு எதாவது எழுதி வச்சிட்டுப் போம்மா" என்று முதலாளி அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். கவாத்து, உரம், சொட்டுநீர் எல்லாம் நீங்கள் படித்து வந்தவை. இந்த இலத்தூர் மண்ணுக்கு அவற்றில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு பருவத்தில் தானாகப் பிடிபடும். நான் எழுதப்போவது பயத்தைப் பற்றி. கல்லூரியில் அதற்குப் பாடம் கிடையாது. பயந்து நடுங்கிக்கொண்டே முடிவெடுக்க வேண்டிய நாள் உங்களுக்கும் வரும்.

தரம் பிரிக்கும் கொட்டகையின் நடுத்தூணில் ஒரு வெற்று ஆணி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் முன்பு ஒரு கூடை தொங்கியது. அதற்கு அணில் கூடை என்று பெயர்.

கொய்யா மேசைக்கு வந்ததும் மூன்றாகப் பிரியும். தோல் சுத்தமாக இருந்தால் பெட்டிக்குப் போகும். அதில் பாதி செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு. காற்றில் கிளையோடு தேய்ந்து தோல் தடித்துப் பழுப்பேறியிருந்தால் அது உரசல். குற்றாலத்து ஜூஸ் கடைகளுக்குப் போகும். பல் பட்டிருந்தால் கடி. மாதுளைக்கு நாம் உறை போட்டுவிடுவதால் அதில் கடி குறைவு; கொய்யாவில்தான் தினமும் விழும். கடியை விற்க முடியாது. அதனால் அணில் கூடையில் போடுவார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அணில் கடித்த கொய்யாதான் இனிப்பு என்று நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து தேடித் தின்றவர்கள்தானே. அது பொய்யுமில்லை. நன்றாகப் பழுத்ததைத்தான் அணில் தொடும்.

அந்த மேசையில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றுதான்: உரசலா, கடியா?

மேசைக்குத் தலைமாட்டில் நிற்பது செல்வி. பழத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தின் பக்கம் ஒரு திருப்பு திருப்பி, காம்பைத் தூக்கிப் பார்த்து, ஒரு சொல்லில் முடித்துவிடுவாள். அவளுக்கு எதிரே வடகரையிலிருந்து வரும் பாத்திமா அக்கா. அவருடைய வீட்டுக்காரர் துபாயில். இரண்டு பேரும் நின்றால் கொட்டகையில் ரேடியோ வேண்டாம்.

"ஏட்டி செல்வி, அது உரசல்லா? கூடையில போடுதியே!"

"கண்ணாடிய தொடச்சிட்டுப் பாருங்கக்கா. பல்லு தெரியுதுல்லா?"

"பல்லு தெரியுது. அணில் பல்லா, உன் பல்லான்னுதான் கேக்கேன். வீட்டுக்குக் கொண்டு போறதுக்குன்னே ஒரு கடி கடிச்சுப் போடுதவதானே நீ."

செல்வியின் கணவர் முருகையா அண்ணன் நம் சிறிய வேனை ஓட்டுவார், பெட்டி ஏற்றுவார், வலை, கம்பி, பந்தல் என்று எது கட்டினாலும் அவர்தான். கொட்டகையைக் கடந்து போகும்போதெல்லாம் கூடைக்குள் கையை விடுவார். "சவம்! பிள்ளைக்கு எடுத்து வச்சதையும் தின்னுட்டுப் போவுது பாரு" என்று செல்வி முதுகுக்குப் பின்னால் கத்துவாள். நீங்கள் வெளியூர்க்காரர்கள் என்றால் திடுக்கிட வேண்டாம். இந்தப் பக்கம் அது செல்லத் திட்டு. புருஷனை, பிள்ளையை, ஓடாத மோட்டாரை, யாரை வேண்டுமானாலும் சொல்வார்கள்.

ஒரு சாரல் காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம் நிபா காய்ச்சல் என்று செய்தி வந்தது. பழந்தின்னி வவ்வாலிடமிருந்து மனிதருக்கு வருவது, மூளையைத் தாக்குவது, மருந்து என்று உறுதியாக எதுவும் இல்லாதது. வவ்வால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள் என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே எல்லைக்கு அப்பாலிருந்து அண்ணாச்சிக்கு வியாபாரியின் போன். "அண்ணாச்சி, பேரைக்கா கொறச்சு திவசம் வேண்டா." பேரைக்கா என்றால் அவர்களுக்குக் கொய்யா; கொஞ்ச நாளைக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார். ஏற்றி வைத்த பெட்டிகளை முருகையா அண்ணன் இறக்கினார்.

நான் அணில் கூடையைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தேன். அணில் கடித்தால் சின்ன உளியால் சுரண்டியது போல மெல்லிய கோடுகள் ஜோடி ஜோடியாக இருக்கும். வவ்வாலின் கடி அகலம், கோணல். மரத்தடியில் சப்பித் துப்பிய சக்கை கிடக்கும். படித்தபோது இரண்டும் தனித்தனிப் படமாகத் தெளிவாக இருந்தன. கூடையில் அப்படி இல்லை. முதலில் ஒன்று கடித்து, பிறகு இன்னொன்று வந்து கடித்து, எறும்பு ஏறி, ஓரம் கறுத்து, பாதிப் பழத்தில் எது யார் பல் என்று சொல்ல முடியவில்லை. அணில் கூடை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். வவ்வால் அந்தப் பெயரைப் படித்துவிட்டா விலகிப் போயிருக்கும்?

கூடையைக் கழற்றினேன். கடி எல்லாம் இனிமேல் குழிக்கு, மேலே சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும் என்றேன். மேசையில் நின்றவர்கள் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார்கள். முருகையா அண்ணன் மட்டும் குனிந்து, தரையில் கிடந்ததில் ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"வேண்டாம்ணே."

"எங்க அப்பன் காலத்துலருந்து தின்னுட்டுதான் இருக்கோம் மேடம். இது அணிலுதான்" என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடித்தார்.

அவர் வாய்க்குப் போகுமுன் அந்தப் பழத்தின் கடிபட்ட பக்கம் எனக்குத் தெரிந்தது. கோடுகள் மெல்லியவையாக இல்லை.

வவ்வால்கள் மேற்கே மலைப்பக்கமிருந்து இறங்கும். முதலில் வந்து தங்குவது ஓடைக்கரை வரிசை மரங்களில். அந்த வரிசைக்கு வலை கட்ட ஏற்பாடு செய்தோம். சாரலில் ஓடைக்கரைப் புதர் இடுப்பு உயரம் வளர்ந்து கிடந்தது. முருகையா அண்ணன் அதற்குள் இறங்கிக் கம்பு நட்டு, வலையை இழுத்துக் கட்டினார். அந்த வேலை முடிந்து சில நாள் கழித்துத் தண்ணீர் குடிக்க வந்தவர் வேட்டியைத் தளர்த்தி இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"கயிறு அறுக்கு மேடம். மாத்தணும்."

"வெள்ளிக்கிழமை புதுசு வாங்கித் தாரேன், அதுவரைக்கும் தேங்காண்ணெயப் போடுங்க" என்றாள் செல்வி, பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நான் அதைக் கேட்டேன். கேட்டதோடு சரி.

பிறகு ஒரு காலை செல்வி வரவில்லை. போன்தான் வந்தது. "மேடம், அவியளுக்குக் காய்ச்சல். தலை வெடிக்குன்னு துடிக்காவ. மாத்திரைக்கும் கேக்கல, கசாயத்துக்கும் கேக்கல."

பயம் வந்தால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. விரல்விட்டு வரிசைப்படுத்துவேன். கொட்டகை வாசலில் நின்றபடி செய்தேன். பெருவிரல், அவர் தின்ற பழம். ஆள்காட்டி விரல், அதில் நான் பார்த்த பல்தடம். நடுவிரல், அதே கூடையிலிருந்து பழம் போன வீடுகள். மோதிர விரல், செல்வியின் மகள். பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அம்மா கொண்டுவந்த கடிக் கொய்யாவைத்தான் தேடும். சுண்டு விரல், வெறுங்கையால் கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்த நான். விரல் முடிந்ததும் அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். துடைத்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் துடைத்தேன்.

அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் கணக்குப்பிள்ளையை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இந்தா பாரு பிள்ளே. காய்ச்சல்னா காய்ச்சல். சாரலுக்கு நாலு பேருக்கு வரத்தான் செய்யும். நல்ல ஆஸ்பத்திரியில சேருங்க, ஆகுறதை நான் பாத்துக்கிடுதேன். பழத்தை இதுல இழுக்காத."

"அண்ணாச்சி, அவர் அதைத் தின்னதை நான் பார்த்தேன்."

"வவ்வால் கடிச்சதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

"மாட்டேன்."

"பெறகென்ன?"

"இல்லைன்னும் சத்தியம் பண்ண மாட்டேன்."

அவர் ஜன்னல் வழியாகக் கொய்யா வரிசையைப் பார்த்தார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. இந்தத் தோட்டத்தின் பெயரோடு அந்தக் காய்ச்சலின் பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு எத்தனை பருவம் ஆனாலும் உரியாது. மேசையைச் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் வேலை போகும். ஆனால் சொல்லாமல் இருந்தால், முருகையா அண்ணனுக்கு ஊசி போடுகிற நர்ஸ், அவர் வாந்தியைத் துடைக்கிற செல்வி, அந்தப் பிள்ளை, யாருக்கும் எதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று தெரியாமல் போகும். ஒரு பக்கம் தோட்டம். இன்னொரு பக்கம் ஆட்கள்.

"ஒரு வாய் வெளிய சொன்னாப் போதும், இந்தத் தோட்டத்துக் கொய்யாவ நாய்கூட மோந்து பாக்காது" என்றார். பிறகு வேன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "போ. போயி உள்ளதைச் சொல்லு."

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். டாக்டர் என் வயதுடையவர், பெண். நான் பழம், கூடை, ஓடைக்கரை வலை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வவ்வால் என்ற இடத்தில் அவருடைய பேனா நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. முருகையா அண்ணனைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். நடைபாதையில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டினார்கள். மாதிரி எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். உள்ளே செல்வி ஒருத்திதான், தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடையில். அவள் அந்த அறைக்கு வெளியே வரக் கூடாது. நான் அந்த அறையின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம். பேச வேண்டுமென்றால் போன்.

தோட்டத்தில் அன்றே யாரும் இல்லை. மரத்தில் பழுத்தது மரத்தடியில் விழுந்தது. என் போன் ஓயவில்லை. "என் பையனுக்கு மூக்கு ஒழுகுது, இது அதுவா?" "எங்க மாமனாருக்குத் தலைசுத்தல், இது அதுவா?" என்று கூடைப் பழம் கொண்டுபோனவர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். எனக்கும் கழுத்தின் பின்னால் ஒரு வலி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை கையை எடுத்து நெற்றியில் வைக்கும்போதும் கை குளிர்ந்திருக்கிறதா, நெற்றி சுடுகிறதா என்று தெரியாது.

செல்வியின் தெருவில் அவள் மகளை வைத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. பாத்திமா அக்கா ஆட்டோ பிடித்து வந்து கூட்டிக்கொண்டு போனார். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு எனக்கு அழைத்தார்.

"மேடம், பிள்ளை எங்கிட்ட இருக்கு. செல்விகிட்ட சொல்லிருங்க. நல்லா சாப்பிடுது."

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?"

"பயமில்லைன்னு யாரு சொன்னா? பயந்துக்கிட்டேதான் ஊட்டுதேன்."

காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு இரைத்தது. பிறகு முருகையா அண்ணன் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். பெட்டியை எண்ணினார், வலை அவிழ்கிறது என்றார். மூளையைத் தாக்கும் என்று செய்தியில் சொன்னது இதுதானோ என்று பயந்தேன். செல்வி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனைக் காதில் வைத்தாள்.

"மேடம்."

"சொல்லு."

"நான் அவியள தெனமும் சவம்னுதானே சொல்லுவேன்."

பிள்ளை பாத்திமா அக்கா வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொன்னேன்.

டாக்டர் உள்ளே போகும்போதெல்லாம் கேட்க வேண்டியதைக் கேட்டார். நாய் கடித்ததா, எலி கடித்ததா, பூச்சி ஏதாவது? செல்வி எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. மூடிய உடையில் வியர்த்து, கண்ணாடி மங்கி, சீக்கிரம் வெளியே வந்தாக வேண்டிய அவசரத்தில் பார்ப்பவர்களும் மேலாகத்தான் பார்த்தார்கள். உள்ளே இருப்பது எது என்று எல்லோரும் முன்பே முடிவு செய்திருந்தோம். வவ்வால் என்ற சொல்லை அந்த அறைக்கு முதலில் கொண்டுபோனது நான்தான். சொல்லியிருக்கவே வேண்டும், இப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தச் சொல் போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு கட்டிலில் கிடந்தவரை மறைத்துவிட்டது.

மறுநாள் மதியம் அறைக்குள் சத்தம். ஒரு நர்ஸ் கையில் கத்தரியோடு பின்வாங்கி நின்றாள். செல்வி கணவரின் இடுப்பின்மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்திருந்தாள். என் போன் அடித்தது.

"மேடம், இவுககிட்ட நீங்க சொல்லுங்க. கயித்த அறுக்கணுங்காவ."

"எந்தக் கயிறு?"

"அரைஞாண் கயிறு. அதுல தாயத்து கெடக்குல்லா. ஸ்கேன் எடுக்கதுக்கு அது ஆகாதாம். கத்தரிய எடுத்துட்டு வந்துட்டா. அத எப்ப அறுப்பாவன்னு இவளுக்குத் தெரியாதா மேடம்? இவளும் இந்த ஊருக்காரிதானே?"

உங்களில் யாருக்காவது தெரியாமல் இருந்தால்: ஆண்பிள்ளைக்குக் குழந்தையிலேயே இடுப்பில் கட்டுகிற கயிறு அது. நைந்துபோனால் புதியதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் பழையதை எடுப்பார்கள். இடுப்பை வெறுமையாக விட்டு அறுப்பது ஒரே ஒரு தடவை, உயிர் போன பிறகு.

"வேற வழி இருக்கான்னு கேக்குறேன். நீ அழாத."

"அதுவும் அந்த இடத்துல புண்ணு வேற கெடக்கு மேடம். அதுமேல போயி கத்தரிய வைக்கணுங்கா."

"என்ன புண்?"

"கயிறு உரசினது. அன்னைக்கு உங்ககிட்டயும் சொன்னாவல்லா, கயிறு அறுக்குன்னு. வெறும் உரசல்தான்."

உரசல். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நூறு முறை கேட்டிருக்கிறேன். மேசையில் அவள் அதைச் சொல்லுமுன் பழத்தை ஒரு திருப்பு திருப்புவாள். இப்போது திருப்பாமல் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. வேறொன்றும் எனக்குத் தெரியாது. மருத்துவம் நான் படிக்கவில்லை.

"செல்வி, நர்ஸை அங்கேயே நிக்கச் சொல்லு. கயிற்றை அறுக்க வேண்டாம். ஒரு விரல் அகலம் மேலே தள்ளு, போதும். தள்ளிட்டு அந்தப் புண்ணைப் பாரு. புருஷன் உடம்புன்னு பாக்காத. மேசையில வந்த பழம் மாதிரி பாரு. உரசலா, கடியா?"

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கயிற்றை மேலே தள்ளினாள். அவர் இடுப்பை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் மெதுவாக, பழக்கப்பட்ட கையால், ஒரு திருப்பு திருப்பினாள்.

கயிறு கிடந்த வழி முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மிக மெல்ல,

"உரசல்னா நீளவாக்குல போவும்லா மேடம். கயிறு போற வழியெல்லாம் போவணும். இது போவல."

"எப்படி இருக்கு?"

"ஒத்த இடத்துல வட்டமா இருக்கு. கருப்பா காஞ்சுபோயி, சுத்திலும் செவப்பா. பீடியால சுட்ட மாதிரி." அவள் குரல் இறங்கியது. "கடி, மேடம். இது கடி."

எது கடித்தது? ஒரு கணம், வவ்வாலே வந்து அவர் இடுப்பில் கடித்துவிட்டதா என்றுகூட நினைத்தேன். பயத்துக்கு அறிவு அவ்வளவுதான். ஓடிப்போய் டாக்டரிடம் அவள் சொன்ன நான்கு அடையாளங்களை அப்படியே சொன்னேன். வட்டம், கருப்பு, சுற்றிலும் சிவப்பு, சுட்ட மாதிரி. அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடாமலேயே எழுந்தார்.

உள்ளே போய் வந்தவர் முகமூடியை இறக்கும்போதே கேட்டார்: "புதர்ல வேலை செஞ்சாரா?"

"ஓடைக்கரையில. வலை கட்டினார்."

"உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்கு. கண்ணுக்கே தெரியாத பொடி உண்ணி, ஈரப் புதர்ல இருக்கும். கடிச்சா வலிக்காது, யாருக்கும் தெரியாது. இடுப்பு, அக்குள் மாதிரி மறைவான இடத்துலதான் கடிக்கும். விட்டா இப்படித்தான் மூச்சு, மூளை எல்லாத்தையும் பிடிக்கும்." கையைக் கழுவிக்கொண்டே தொடர்ந்தார். "அந்த இன்னொண்ணு இல்லைன்னு நான் சொல்லலை. ரிசல்ட் வரட்டும். ஆனா இதுக்கு மருந்து இருக்கு. இப்பவே ஆரம்பிக்கிறேன்."

நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து என் கையை விரித்துப் பார்த்தேன். பழம், பல்தடம், பழம் போன வீடுகள், பழம் தின்ற பிள்ளை, பழத்தைத் தொட்ட நான். ஐந்து விரலிலும் பழம்தான் இருந்தது. காய்ச்சலில் கிடந்த ஆளின் உடம்பு ஒரு விரலிலும் இல்லை. இந்தக் கடிதத்தில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்றுகூடச் சொல்வேன். பயந்தால் பட்டியல் போடுங்கள், நல்லது; போட்டு முடித்ததும் அதில் எது இல்லை என்று ஒரு தடவை பாருங்கள்.

மருந்து ஏறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அன்று முழுக்கக் காய்ச்சல் அப்படியே நின்றது. மாதிரியின் முடிவும் வரவில்லை. டாக்டரின் ஊகம் தவறாக இருந்தால் என்ன என்று யோசித்து யோசித்து, அவர் நடைபாதையில் வரும் செருப்புச் சத்தத்துக்கே எழுந்து நின்றேன். மறுநாள் விடிந்த பிறகு செல்வியின் போன்.

"மேடம், வேத்து ஊத்துது. தலையணையெல்லாம் நனைஞ்சு போச்சு."

"காய்ச்சல்?"

"விட்டிருக்கு. கண்ணைத் தொறந்து என்னைப் பாத்து, 'யாருட்டி இது, சாக்கு மூட்டைக்குள்ள?'ங்காவ." அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு வெளியூர் முடிவும் வந்தது. நிபா இல்லை. பாத்திமா அக்காவுக்கு முதலில் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, "அப்ப என் கழுத்து வலி வெறும் கழுத்து வலிதானா?" என்று கேட்டார். எனக்கும் அதே இடத்தில்தான் வலித்தது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

இப்போது தோட்டத்தில் இருக்கும் சில வழக்கங்கள் உங்களுக்கு அளவுக்கு மீறியவையாகத் தோன்றலாம். புதரை வெட்டாமல் யாரையும் வலை கட்ட இறக்க மாட்டோம். ஓடைக்கரையில் வேலை செய்தவர்கள் குளித்து, துணி மாற்றி, அரைஞாண் கயிற்றுக்கு அடியிலும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இதைச் சொல்லும்போது ஆண்கள் சிரிப்பார்கள். முருகையா அண்ணன் சிரிக்க மாட்டார். நீங்கள் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வலை கட்டியது தவறு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வவ்வால் இன்னும் வருகிறது. கூடையைத் திரும்ப மாட்டச் சொல்வார்கள், முக்கியமாகக் கோடை விடுமுறையில் பிள்ளைகள் வந்தால். மாட்டாதீர்கள். அந்த நோய் நமக்கு வரவில்லை என்பதால் அந்தப் பழம் நல்லது என்று ஆகிவிடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அனுப்பிய நாளில் நான் வேனோடு போயிருந்தேன். அறைக் கதவு திறந்தே இருந்தது. செல்வி தன் வழக்கமான உடையில், தலைக்குப் பூ வைத்திருந்தாள். கையில் புதிய கறுப்புக் கயிறு. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், பாதியாக மெலிந்திருந்தார். அவள் புதியதைச் சுற்றி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, அன்றைக்குப் பின்வாங்கி நின்ற அதே நர்ஸிடம் கையை நீட்டினாள்.

"அந்தக் கத்தரியத் தாங்க."

"ஏட்டி, பாத்து. நான் இன்னும் உசிரோடதான் இருக்கேன்" என்றார் அவர்.

"தெரியும். அசையாம நில்லுங்க, சவ..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுட்டி. கேட்டு நாளாச்சு."

அவள் சொல்லவில்லை. பழைய கயிற்றை விரலால் தூக்கி, அதற்கு அடியில் ஆறிக்கொண்டிருந்த கடியை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அறுத்து எடுத்தாள்.